ஐந்து கணினிகள், ஓர் அறை: கொழும்பில் குறைந்த காசில் பிள்ளைகளுக்குக் கணினி வசதி செய்வது எப்படி

கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலுமாக மூன்று இடங்களில் பிள்ளைகளுக்குக் கணினி அறை அமைக்க உதவியிருக்கிறேன். ஒன்று கோயில் மண்டபத்தின் பின்னறை, ஒன்று தொடர்மாடியின் கீழ்த்தளம், மற்றது ஓர் ஆசிரியை தம் வீட்டில் ஒதுக்கித் தந்த விறாந்தை. முதல் அறையில் செய்யக்கூடிய பிழைகளையெல்லாம் செய்தோம். கையில் காசு சேர்ந்த மறுநாளே பம்பலப்பிட்டிக்குப் போய்க் கணினி வாங்கி வந்ததுதான் அவற்றுள் பெரியது. கீழுள்ள வரிசையில் கணினி வாங்குவது ஐந்தாவதாகத்தான் வருகிறது.

ஐந்து கணினிகள், பதினைந்து இருபது பிள்ளைகள் என்ற அளவை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒரு வீட்டுக்கு மட்டும் வாங்குகிறவர்கள் 3, 4, 5, 7, 8, 9 ஆகிய படிகளைப் படித்தால் போதும்.

1. திறப்பு யாரிடம் இருக்கும்?

"மண்டபம் தருகிறோம்" என்று நிர்வாக சபை சொன்னவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். திறப்பு யார் கையில் இருக்கும், வாரத்தில் எந்தெந்த நாட்களில் திறக்கலாம், திருவிழா வந்தால் கணினிகள் எங்கே போகும் என்ற மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. கொடியேற்றத்துக்கு முதல்நாள், அன்னதானத்துக்கு இடம் வேண்டும் என்று மேசைகளை அவசரமாகத் தூக்கி, பாத்திரம் கழுவும் இடத்தின் ஓரத்தில் அடுக்கிவிட்டார்கள். இரண்டு திரைகள் அதோடு சரி. பூட்டக்கூடிய ஓர் அலுமாரி இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும். ஆகவே அலுமாரிக்கும் சேர்த்தே காசு ஒதுக்குங்கள்.

பொறுப்பாளர்கள் இருவர் வேண்டும். ஒருவராவது நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் இதற்கு மிகப் பொருத்தம்: நேரம் இருக்கும், ஆர்வம் இருக்கும். ஆனால் முடிவு வந்ததும் போய்விடுவார்கள். அதனால் இரண்டாவது ஆள் ஊரிலேயே நிற்கும் ஒருவராக இருக்கட்டும்.

2. மின்சாரத்தை முதலில் பாருங்கள்

சிறிய மேசைக் கணினியும் எல்.இ.டி. திரையும் சேர்ந்து ஏறக்குறைய 40 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கணினிகள், நாளுக்கு மூன்று மணிநேரம், மாதத்துக்கு 25 நாள் என்றால் 15 அலகு. கேட்கச் சிறிய கணக்குத்தான். ஆனால் வீட்டுப் பாவனைக் கட்டணம் 60 அலகைத் தாண்டியதும் வேறு வரிசைக்கு மாறுகிறது. மாதம் 50 அலகு பாவிக்கும் வீட்டின் விறாந்தையில் அறை அமைத்தால், நம் 15 அலகு அந்த வீட்டின் முழுப் பட்டியலையும் மேலே தள்ளிவிடும். இரண்டாம் மாதம் வீட்டுக்காரரின் முகம் மாறுவதற்குக் காரணம் இதுதான். முன்கூட்டியே பட்டியலை வாங்கிப் பார்த்து, கூடும் தொகையை யார் கட்டுவது என்று பேசிவிடுங்கள். மதத் தலங்களுக்குத் தனிக் கட்டண வகை இருப்பதால், கோயில், தேவாலய மண்டபங்களில் அவர்களுடைய பட்டியல் எந்த வகையில் வருகிறது என்றும் கேளுங்கள்.

பிறகு ஒரு மின்பணியாளரைக் கூட்டி வந்து, எர்த் சரியாக இருக்கிறதா, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓர் எக்ஸ்டென்ஷனில் இன்னோர் எக்ஸ்டென்ஷனைச் செருகுவதை முற்றாகத் தவிருங்கள். உலோகப் பெட்டியைத் தொட்ட பிள்ளை "மிஸ், கடிக்கிறது" என்றால் அன்று அறையை மூடிவிட வேண்டும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி இறங்கும் நகரம் இது. பிளக்கைக் கழற்றி வைப்பதை விடச் சிறந்த பாதுகாப்பு இல்லை. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மின்சாரம் போனாலும் சிறிது நேரம் கணினியை ஓடவிடும் யூ.பி.எஸ். ஐந்து வாங்கச் சொல்வார்கள். நான் ஒன்று மட்டும் வாங்குவேன், அதுவும் பொதுக் கோப்புகள் இருக்கும் கணினிக்கு. இரண்டு மூன்று ஆண்டில் அதன் மின்கலம் செத்துப்போகும். ஐந்தையும் மாற்றும் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

3. ஒரே மாதிரி, ஒரே தலைமுறை

முதல் அறையில் ஐந்து கம்பனிகளின் ஐந்து மடிக்கணினிகள் வாங்கினோம், ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்து மலிவு. ஐந்து வகை சார்ஜர்கள். ஒரு மாதத்தில் எது எதனுடையது என்று எவருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் செருக முடிந்ததைச் செருகினான். பிறகு நான்கு கணினிகள் இருந்தன.

பொது அறைக்கு அலுவலகங்களில் பாவித்த சிறிய மேசைக் கணினிகளே நல்லவை: டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை. விசைப்பலகையில் தேநீர் கொட்டினால் விசைப்பலகையை மட்டும் மாற்றலாம். மடிக்கணினி என்றால் முழுவதும் திறக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில், சாப்பிட்ட பின் பாயை விரிக்கும் இடத்தில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் மடிக்கணினி வாங்குங்கள்.

எந்த மாதிரியைத் தேர்ந்தாலும் ஐந்தும் அதுவாகவே இருக்கட்டும். முடிந்தால் ஆறாவதாக அதே மாதிரியில் ஒரு பழுதானதை உதிரிப் பாகத்துக்காக எடுங்கள். இந்தச் சிறிய பெட்டிகளின் மின்வழங்கி (பவர் சப்ளை) பொதுவான அளவில் வராது. அது எரிந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒன்றைப் போட முடியாது. ஆறாவதிலிருந்து கழற்றிப் போடலாம்.

இன்டெல் செயலியின் (கணினியின் மூளையான சில்லு) தலைமுறை விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "தம்பி, இது ஐ7, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்பார் கடைக்காரர். கண்ணைத் திறந்து அடுத்த எண்ணைப் பாருங்கள். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை. பெயரில் சிறிதாகத் தெரியும் இந்த ஐ5 நமக்கு அதைவிட மேல்: மின்சாரம் குறைவாக எடுக்கும், உதிரிப் பாகமும் கிடைக்கும்.

ஆறு, ஏழாம் தலைமுறைக் கணினிகளைத் தேடுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கும். ஆகவே நல்ல நிலையில் இருக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை அலுவலகங்கள் கழிக்கின்றன. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போடப்போகும் நமக்கு அந்தத் தடை ஒரு தடையே அல்ல.

4. முழுக் கணக்கைப் போட்டுவிட்டுக் காசு சேருங்கள்

கணினி விலையை மட்டும் எழுதிக் காசு சேர்த்தால் பாதி வழியில் நிற்பீர்கள். எஸ்.எஸ்.டி. (வன்தட்டுக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்), ரேம் (தற்காலிக நினைவகம்), திரை, விசைப்பலகை, மவுஸ், மூன்று முனை பிளக் வயர், அலுமாரி, கதிரை எல்லாம் கணக்கில் வர வேண்டும். அடிக்கடி மறக்கப்படுவது ஒன்று உண்டு: கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் என்னும் புதிய திரை இணைப்பு மட்டும் இருக்கும், மலிவாக வாங்கிய பழைய திரையில் வி.ஜி.ஏ. என்னும் பழைய இணைப்பு மட்டும் இருக்கும். இடையில் ஒரு மாற்றி வேண்டும். ஐந்து மாற்றிகளின் விலையில் சில வேளை ஒரு திரையே வாங்கிவிடலாம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைப் பழுது பார்க்கவென்று தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடுகளுக்கு வாங்குவதற்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் கண்டுபிடித்த வழி, அவர்கள் ஏற்கெனவே நடத்திவந்த சீட்டுத்தான். ஒரு கணினிக்கு முழுச் செலவு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்துக் குடும்பங்கள் மாதம் 6,000 வீதம் போட, மாதம் ஒரு வீட்டுக்குக் கணினி போகும். வட்டி இல்லை. கடைத் தவணையில் வாங்கினால் அதே பொருள் எவ்வளவில் முடிகிறது என்று கூட்டிப் பாருங்கள்.

இதில் இரண்டு விதிகளைத் தொடக்கத்திலேயே வையுங்கள். யாருடைய பிள்ளை அடுத்து பரீட்சை எழுதுகிறதோ அந்த வீட்டுக்கு முதலில், குலுக்கல் வேண்டாம். இரண்டாவது, கடைசியில் எடுப்பவருக்கு விலை ஏறியிருந்தால் வித்தியாசத்தை எல்லோரும் பகிர வேண்டும். இரண்டாவது விதி இல்லாமல் தொடங்கிய ஒரு சீட்டு எட்டாம் மாதத்தில் பேச்சுவார்த்தை இல்லாத நிலைக்குப் போனது. அக்கா தங்கை இருவர் அதில் இருந்தார்கள்.

5. கடையில் நின்று சோதிப்பது

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கும் அதைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் வார நாளில் காலையில் போங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு கணினியை இருபது நிமிடம் ஓடவிட எவரும் இடம் தரமாட்டார்கள். லினக்ஸ் மின்ட் (லினக்ஸின் ஒரு வகை) எழுதிய யூ.எஸ்.பி. ஒன்று, சின்ன டார்ச், கொப்பி, பேனை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

கடையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினால், அணைத்துக் குளிரவிட்டுத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். சூடாக ஓடுவது குளிரில் தொடங்காமல் போவதுண்டு. தொடங்கும்போது பயோஸுக்குள் (இயங்குதளத்துக்கு முன் வரும் அமைப்புத் திரை) நுழைந்து செயலி, ரேம் அளவு, வரிசை எண் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். "பிறகு எடுத்துத் தருகிறேன்" என்பது நடக்காத காரியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நிறுவனங்களுக்கென்று செய்த மடிக்கணினிகளில், உள்ளே இருக்கும் மின்கலத்தைக் கழற்றினால் போய்விடும் கடவுச்சொல் அல்ல அது.

அடுத்து யூ.எஸ்.பி.யிலிருந்து லினக்ஸைத் தொடக்குங்கள். எதையும் நிறுவ வேண்டாம். "டிஸ்க்ஸ்" என்னும் நிரலில் வன்தட்டின் ஸ்மார்ட் தரவைத் (வன்தட்டு தன் நிலையைத் தானே பதியும் குறிப்பு) திறந்து, பழுதாகி மறுஒதுக்கீடு செய்த பிரிவுகள் பூச்சியமா என்று பாருங்கள். பூச்சியம் இல்லாவிட்டால் வன்தட்டை விட்டுவிட்டு விலை பேசுங்கள். நாம் அதை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். பிறகு ஒரு காணொளியை முழுத்திரையில் ஓடவிட்டு இருபது நிமிடம் நில்லுங்கள். விசிறி அலறுகிறதா, பெட்டி தானாக அணைகிறதா? அந்த நேரத்தில் எல்லா யூ.எஸ்.பி. துளைகளிலும் மவுஸைச் செருகிப் பாருங்கள். மடிக்கணினி என்றால் ஒவ்வொரு விசையையும் தட்டி, சார்ஜரைக் கழற்றி, மின்கலம் எத்தனை நிமிடத்தில் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று குறியுங்கள். டெல் சார்ஜரின் முனை நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது வளைந்திருந்தால் கணினி சார்ஜரை அடையாளம் காணாது, மின்கலம் ஏறாது, வேகமும் குறையும்.

டார்ச் எதற்கு என்றால், மேசைக் கணினியின் பின்புறத்துக்கு. சில பழைய மின்வழங்கிகளில் 115, 230 என்று மாற்றும் சிறிய சுவிட்ச் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் அது 115இல் இருந்து, நீங்கள் நமது 230 வோல்ட்டில் செருகினால், ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அதே டார்ச்சால் துளைகளுக்குள் பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்காற்றில் இருந்த கணினியின் அடையாளம் அது. கடலை ஒட்டிய முகத்துவாரப் பக்கம் வைக்கப்போகும் கணினி ஏற்கெனவே அரிக்கத் தொடங்கியிருந்தால் அதிக நாள் தாங்காது.

ஐந்தின் வரிசை எண்களையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லில் தந்த மூன்று மாத உத்தரவாதம், அதைச் சொன்ன விற்பனையாளர் வேலையை விட்ட நாளோடு முடிந்த அனுபவம் எனக்கு உண்டு.

6. இலவசமாக வருபவை

அலுவலகங்கள் நன்கொடையாகத் தருவதற்கு முதலில் பட்டியல் கேளுங்கள், பிறகுதான் லொறி. பட்டியல் இல்லாமல் ஒருமுறை பதினெட்டுப் பெட்டிகளை ஏற்றி வந்தோம். ஆறு வேலை செய்தன. மிச்சத்தை அகற்ற ஏற்றுக்கூலி எங்கள் கையிலிருந்து போனது. அழித்துத் தந்தோம் என்று சொன்னவற்றில் ஒன்றில் ஊழியர்களின் சம்பள விவரம் அப்படியே இருந்தது. வன்தட்டு எதுவாக இருந்தாலும், எவர் தந்ததாக இருந்தாலும், நீங்களே முழுவதும் அழித்துவிட்டுத்தான் பிள்ளைகள் முன் வையுங்கள்.

7. திறந்து துடைத்து, எஸ்.எஸ்.டி. போடுங்கள்

பழைய கணினியில் செலவழிக்கும் காசில் மிகுந்த பலன் தருவது இதுதான். வன்தட்டை எடுத்துவிட்டு 240 அல்லது 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டால், தொடங்குவதற்குள் பிள்ளை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும் நிலை மாறிவிடும். ரேம் 8 ஜிபி இருந்தால் நல்லது. 4 ஜிபியிலும் ஓடும், ஆனால் உலாவியில் பல பக்கங்களைத் திறந்தால் திணறும்.

ரேமைப் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே வாங்குங்கள். டி.டி.ஆர்.3 உம் டி.டி.ஆர்.4 உம் ஒன்றின் துளையில் மற்றது பொருந்தாது. திறந்த கையோடு தூசியை மென்மையான தூரிகையால் அகற்றி, செயலியின் மேலுள்ள வெப்பப் பசையை மாற்றி, திகதியை மறக்கும் கணினிகளுக்குச் சி.ஆர்.2032 மின்கலம் ஒன்றும் போட்டுவிடுங்கள். திகதி பிழையாக இருந்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். இணையம் கெட்டுவிட்டது என்று இதற்காக ரவுட்டரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

8. முதலில் ஒரு கணினி, பிறகு நான்கு

களவு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். அதை உடைத்துத் திறக்கும் நிரலோடு வேறு என்னென்ன உள்ளே வருகிறது என்பது போட்டுத் தருபவருக்கே தெரியாது. ஒரு யூ.எஸ்.பி.யில் வந்த தொற்று ஒரே வாரத்தில் ஐந்திலும் பரவும்.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்னும் இலகுவான பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். குறைந்தது 2 ஜிபி ரேம் என்பது அதன் தேவை. விண்டோஸ் பழகிய கைக்கு இடது கீழ்மூலையிலேயே பட்டி கிடைக்கும். முதலில் ஒரே ஒரு கணினியில் நிறுவி, எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு வாரம் பிள்ளைகளை அதில் விடுங்கள். அவர்கள் எதைத் தேடிக் கிடைக்காமல் விழிக்கிறார்கள் என்று பார்த்துச் சேர்த்த பிறகுதான் மற்ற நான்கும். ஐந்திலும் ஒரே நாளில் நிறுவினால், ஒரு குறையை ஐந்து முறை திருத்துவீர்கள்.

பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமை இல்லாத கணக்கு, பொறுப்பாளருக்கு வேறு கணக்கு. டைம்ஷிஃப்ட் என்னும் நிரலில் அமைப்பின் நிழற்பதிவு ஒன்றை எடுத்துவைத்தால், அமைப்பை யாராவது குழப்பிய நாளில் முன்னிருந்த நிலைக்குத் திரும்பலாம். ஆவணம் எழுதும் லிப்ரே ஆபிஸில் சேமிக்கும் வடிவத்தை டொக்ஸ் (.docx) என்று இயல்பாக வையுங்கள். பாடசாலையில் கேட்பது அதைத்தான். தகவல் தொடர்பாடல் பாடத்துக்கு எந்த நிரல்மொழி வேண்டும் என்பதைப் பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து பார்த்து நிறுவுங்கள். பாஸ்கலும் பைத்தனும் இரண்டுமே லினக்ஸில் இலவசம்.

9. தமிழில் தட்டுவது

இதைக் கடைசி நிமிடத்துக்கு விடுகிறவர்கள் பலர். பல மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ் என்னும் நிரலும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவினால் தமிழ்99, ரெங்கநாதன், ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்று விசைப்பலகை முறைகளும் வந்துவிடும். இலங்கையில் விற்கும் விசைப்பலகைகளில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ரெங்கநாதன் முறை. வேலைக்குப் போகும் எண்ணமுள்ள பெரிய பிள்ளைகளுக்கு அதுவும், புதிதாகத் தொடங்கும் சிறியவர்களுக்குத் தமிழ்99 உம் நல்லது என்பது என் கருத்து. ஒலிபெயர்ப்பு எளிதுதான், ஆனால் தமிழ் எழுத ஒவ்வொரு முறையும் ஆங்கில எழுத்தை நினைக்கவைக்கும்.

யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவையும் போட்டுவைக்க வேண்டும். ஆசிரியர்கள் அனுப்பும் பயிற்சித்தாள்கள் இன்னும் அதில் வருகின்றன. எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். "சேர், வினாத்தாள் வைரஸ்" என்று ஒரு பிள்ளை ஓடி வந்தது இதற்குத்தான். புதிதாக எழுதுவதை மட்டும், எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடில் எழுதச் சொல்லுங்கள்.

10. டேட்டா தீர்ந்த நாளுக்கு

மாதத்தின் இருபதாம் திகதிக்குப் பிறகு டேட்டா இருக்காது என்றே திட்டமிடுங்கள். யூ.பி.எஸ். உள்ள கணினியில் கிவிக்ஸ் (இணையமின்றிப் பக்கங்களைப் படிக்கவைக்கும் நிரல்) நிறுவித் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதும் இறக்கி வைத்தால், ஒரு சாதாரண நெட்வொர்க் சுவிட்ச் (கணினிகளை வயரால் இணைக்கும் பெட்டி) வழியாக மற்ற நான்கும் இணையமே இல்லாமல் அதைப் படிக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை பி.டி.எஃப். ஆக வகுப்பு வாரியாக அடுக்கிவையுங்கள். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, வானியலுக்கு ஸ்டெல்லேரியம், சிறியவர்களுக்கு ஜிகொம்ப்ரிஸ் மூன்றும் நிறுவிவிட்டால் இணையம் கேட்பதில்லை. இவற்றையெல்லாம் இறக்குவதற்கு நல்ல இணைப்புள்ள நண்பரின் வீடு ஒன்று போதும்.

11. பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு

ஒவ்வொரு கணினியிலும் பெரிய எண்ணை ஒட்டுங்கள். அலுமாரிக் கதவில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிடுங்கள்: திகதி, கணினி எண், என்ன கோளாறு, யார் பார்த்தது. "மூன்று மெதுவாக இருக்கிறது" என்ற வரி வாரம் இருமுறை வந்தால் அது பிள்ளையின் சலிப்பா, கணினியின் சூடா என்று தெரிந்துவிடும்.

ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாற வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மவுஸ் எப்போதும் அண்ணன்மார் கையிலேயே இருக்கும். தொடர்மாடி அறையில் மூன்று வாரம் தங்கை ஒருத்தி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்து மவுஸை அவள் கையில் கொடுத்த அன்று, முதல் வேலையாக அண்ணனின் விளையாட்டை மூடினாள்.

செத்த கணினியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். பாகங்களை எடுத்தபின் மிஞ்சுவதை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். ஆறாவது கணினியை மட்டும் திருகாணிகளோடு ஒரு பெட்டியில் போட்டு, அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருங்கள்.